பலசரக்கை ஆன்லைனில் ஏற்றலாமா? கோவில்பட்டி அண்ணாச்சிக்கு ஒரு பதில்

கேள்வி: கோவில்பட்டியில் 22 வருஷமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வருஷ வியாபாரம் 70 லட்சம் போல வரும். ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருக்கிறேன். மாதச் சாமான் வாங்கும் வீடுகள் ஒவ்வொன்றாகச் செல்போனுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "கடையையே ஆன்லைன்ல போட்டுடுங்கப்பா, வாடகை மிச்சம்" என்கிறான். பக்கத்துக் கடைக்காரரோ, "காம்போசிஷன்ல இருக்கிறவங்க ஆன்லைன்ல விக்கவே கூடாது, மாட்டிக்குவீங்க" என்று பயமுறுத்துகிறார். என் மனைவி அரைக்கும் இட்லிப் பொடியை மகனின் நண்பர்கள் கேட்கிறார்கள், கூரியரில் அனுப்பலாமா? எண்ணெயை என் கொள்முதல் விலைக்கும் கீழே போடுகிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகிறது? பழைய சரக்கைத்தான் தள்ளிவிடுகிறார்கள் என்று இங்கே பேச்சு. அது உண்மையா? பெயர் வேண்டாம்.

பதில்: அண்ணாச்சி, வணக்கம். நானும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைதான். கல்லாவுக்குப் பக்கத்தில் அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். இப்போது உங்களைப் போன்ற கடைகளுக்கு வரிக் கணக்கு பார்க்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

எண்ணெயிலிருந்து தொடங்கலாம். அடுத்த முறை யாராவது கடை வாசலில் நின்று "செல்லுல அஞ்சு ரூபா கம்மி அண்ணாச்சி" என்றால் கோபப்படாமல் அந்தப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். விலையை விடுங்கள், நிகர எடை எவ்வளவு என்று பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். முன்பெல்லாம் எண்ணெய், பருப்பு, மாவு போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று எடையளவு விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு 850, 800, 750 கிராம் என்று நினைத்த அளவில் பாக்கெட் வருகிறது. பார்வைக்கு எல்லாம் ஒரு லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், அதிலும் செல்போன் திரையில் வித்தியாசமே தெரியாது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் கடையில் 910 கிராம் 140 ரூபாய். அங்கே 850 கிராம் 135 ரூபாய். உங்கள் விலையில் 850 கிராமுக்கு 131 ரூபாய்க்குள்தான் வருகிறது. ஆக, ஐந்து ரூபாய் மிச்சம் என்று நினைத்தவர் உண்மையில் நாலு ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறார். பாக்கெட்டிலேயே ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது இப்போது விதி. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க வாடிக்கையாளருக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்குப் போய் மற்ற பாக்கெட்டுகளையும் அவர் புரட்டிப் பார்ப்பார்.

எல்லா இடத்திலும் இதுவே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. சில பொருள்களை நிஜமாகவே உங்கள் கொள்முதலுக்குக் கீழே விற்கிறார்கள். எம்.ஆர்.பி. என்பது மேல் வரம்பு மட்டும்தான். அதற்குக் கீழே எவ்வளவு குறைத்தாலும் எடையளவுச் சட்டத்தில் குற்றம் இல்லை. எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டீர்கள். நான் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் சீனியில் என்ன லாபம் பார்க்கிறீர்கள்? ஒன்றும் இருக்காது. சீனி விலை தெருவுக்கே தெரியும், ஒரு ரூபாய் ஏற்றினால் "அண்ணாச்சி கடையில எல்லாமே விலை ஜாஸ்தி" என்று பேர் வந்துவிடும். அதனால் சீனியை வந்த விலைக்கே கொடுத்துவிட்டு, சீரகத்திலும் முந்திரியிலும் பார்த்துக்கொள்கிறீர்கள். அவர்களும் அதையே பெரிய அளவில் செய்கிறார்கள். விலை எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும் எண்ணெய், ஆட்டா, சீனி ஆகியவற்றைக் குறைத்துக் காட்டுவார்கள். பாத்திரம் கழுவும் திரவம் போன முறை என்ன விலைக்கு வாங்கினோம் என்று யாருக்கும் நினைவில் இருக்காது, அங்கே எடுப்பார்கள். அப்புறம், திரையில் முதல் வரிசையில் தங்கள் பொருள் தெரிய வேண்டும் என்று கம்பெனிகள் விளம்பரக் காசு கட்டுகின்றன. கடைசியில் பில் போடும் இடத்தில் கையாளும் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம், மழைக் கட்டணம் என்று சேரும். இப்படிக் கடைசி நேரத்தில் கட்டணத்தைச் சொருகுவதையும், கேட்காத பொருளைக் கூடையில் போடுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே வழிகாட்டு நெறிகளில் ஏமாற்று வேலை என்று பட்டியலிட்டுவிட்டது. இதையெல்லாம் மீறியும் வரும் நஷ்டத்தை முதலீட்டாளர் பணம் தாங்குகிறது. உங்களுக்கு அந்த முதலீட்டாளர் இல்லை. அதனால் எண்ணெய் விலையில் அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

உங்கள் மகன் சொல்லும் "வாடகை மிச்சம்" கணக்குக்கு வருகிறேன். படித்த பிள்ளைகள் பலரும் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். உங்கள் கடைக்கு வருகிறவர் தானே நடந்து வருகிறார், வேண்டியதைத் தானே சொல்கிறார், தானே சுமந்துகொண்டு போகிறார். சம்பளம் வாங்காத வேலையாள் அவர். ஆன்லைன் என்றால் அந்த வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும். எடுக்க ஓர் ஆள், கட்ட ஓர் ஆள், கொண்டுபோக ஓர் ஆள், சரக்கு வைக்கக் குடோன். வாடகை எங்கே மிச்சம்?

இது புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயமும் இல்லை. அமெரிக்காவில் வெப்வேன் என்ற கம்பெனி 1999-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வீட்டுக்கே மளிகை கொடுக்க ஆரம்பித்தது. தானியங்கிக் கிடங்குகளில் பணத்தைக் கொட்டி, 2001 ஜூலையில் மூடிவிட்டது. அதே 1999-ல் உங்கள் மகன் இருக்கும் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்று ஒன்று தொடங்கினார்கள். இணையத்தில் விற்க வந்தவர்கள், கடைசியில் தெருவில் சூப்பர்மார்க்கெட் திறந்து, அதை ஆதித்ய பிர்லா குழுமத்துக்கு விற்றார்கள். அந்த அணியில் இருந்தவர்களே 2011-ல் மறுபடி வந்து பிக்பாஸ்கெட் ஆரம்பித்தார்கள். இணையத்தில் மளிகை விற்க வந்தவர்களையே ஒரு தடவை கடை திறக்க வைத்த தொழில் இது. மகனிடம் சொல்லுங்கள்.

இந்தத் தொழிலில் செலவு பாக்கெட்டில் இல்லை, ஆர்டரில் இருக்கிறது. ஒரு பால் பாக்கெட்டைக் கொண்டுபோனாலும் ஒரு மாதச் சாமானைக் கொண்டுபோனாலும் பையன் போய்வரும் தூரம் ஒன்றுதான். உங்கள் மொத்த லாபம் 10 சதவீதம், ஒரு தடவை போய்வர பெட்ரோல், கூலி, கவர் எல்லாம் சேர்த்து 40 ரூபாய் என்று வையுங்கள். 3,500 ரூபாய் மாதச் சாமானில் 350 கிடைக்கும், 40 போக 310 கையில் நிற்கும். 150 ரூபாய்க்கு ரொட்டியும் பிஸ்கட்டும் கொண்டுபோனால் 15 கிடைக்கும், 25 கைவிட்டுப் போகும். சதவீதம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதே 3,500 ரூபாய் ஆர்டர் ஏதோ ஒரு செயலி வழியாக வந்தது, கமிஷன் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 280 ரூபாய். கமிஷன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது 50 ரூபாய் சொச்சம். மற்றவர்கள் அந்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள். காம்போசிஷனில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது, அதனால் உங்களுக்கு அது சுத்தமான செலவு. 350-ல் மிச்சம் 20 ரூபாய். கவர் வாங்கக்கூடப் பத்தாது. சேருவதற்கு முன் இந்த ஒரு கணக்கை எந்த ஏஜென்ட்டும் உங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டார்.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, பழைய செய்தி. 2023 செப்டம்பர் வரை காம்போசிஷன்காரர்கள் செயலிகள் வழியாக விற்க முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பொருள்களை விற்கலாம், ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். பதிவே எடுக்காத சின்ன வியாபாரிகளுக்கும் அன்றிலிருந்து வழி விட்டிருக்கிறார்கள். பான் எண்ணை வைத்து ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு, அவர்களும் மாநிலத்துக்குள் விற்கலாம். செயலிக்காரர்கள் உங்களிடம் ஜி.எஸ்.டி.க்காக 0.5 சதவீதமும், வருஷத்துக்கு 5 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரிக்காக 0.1 சதவீதமும் பிடிப்பார்கள். இரண்டும் உங்கள் பேரில் வரவாக ஏறும், பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்கி வீட்டுக்குக் கொடுப்பதற்கு இந்தச் சேர்க்கை எண்ணும் வேண்டாம், பிடித்தமும் இல்லை. நடுவில் ஆள் இல்லாமல் நீங்களே நேரடியாக விற்கிறீர்கள், கடையில் விற்பது போலத்தான். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கத் தனி லைசென்ஸ் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஓ.என்.டி.சி. பற்றியும் மகன் சொல்லியிருப்பார். அதை அரசாங்கச் செயலி என்று பலர் நினைக்கிறார்கள். அது செயலியே இல்லை. வாங்குகிறவரின் செயலியும் விற்கிறவரின் செயலியும் வேறு வேறாக இருந்தாலும் பேசிக்கொள்ள வைக்கும் ஒரு வலையமைப்பு. 2022-ல் முதலில் சோதித்துப் பார்த்த ஐந்து இடங்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. அதில் சேர்ந்தாலும் கமிஷன், டெலிவரிச் செலவு என்று மேலே போட்ட கணக்கு மாறாமல் கூடவே வரும்.

சரி, பொடிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆசையாகவும் பயமாகவும் இருந்த இடம் இதுதான்.

ஆசை எதனால் என்றால், செயலியில் யாரோடும் விலை ஒப்பிட முடியாத ஒரே சரக்கு உங்கள் வீட்டில் அதுதான். எண்ணெயில் 10 சதவீதம் கிடைத்தால் பெரிது. பொடியில் விலையை நீங்களே வைக்கலாம். எடை குறைவு, மாதக்கணக்கில் கெடாது, கூரியருக்கு ஏற்றது.

பயம் எதனால் என்றால், பெங்களூர் கர்நாடகத்தில் இருக்கிறது. காம்போசிஷனில் இருக்கும் நீங்கள் உங்கள் பேரில் வெளி மாநிலத்துக்கு ஒரு பாக்கெட் விற்றால்கூட அந்தத் திட்டத்துக்குத் தகுதி போய்விடும். 200 ரூபாய்ப் பொடிக்காக 70 லட்ச வியாபாரத்தை வேறு வரி முறைக்கு மாற்ற வேண்டி வரும். ஆகவே பொடி உங்கள் கணக்கில் வரவே கூடாது. உங்கள் மனைவியின் பான் எண்ணில், அவர் பேரில் தனி வங்கிக் கணக்கோடு தனித் தொழிலாக வையுங்கள். பேருக்கு மட்டும் இல்லை, நிஜமாகவே அவர் தொழிலாக இருக்க வேண்டும். உளுந்தும் வற்றலும் உங்கள் கடையிலிருந்து எடுத்தால் பில் போட்டுக் கொடுங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், வருஷம் 40 லட்சம் வரை அவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. வெளி மாநிலத்துக்கு வரி உள்ள பொருளை விற்க வேண்டுமானால் தொகை எவ்வளவானாலும் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். பதிவு எடுத்துவிட்டால் விற்காத மாதங்களுக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், என்னைப் போன்ற ஆளுக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டும். பத்து நண்பர்கள்தான் கேட்கிறார்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். தீபாவளிக்கு வரும்போது மகன் பையில் போட்டுக்கொண்டு போகட்டும், நண்பர்களுக்குச் சும்மா கொடுக்கட்டும். காசு கொடுத்து வாங்க நூறு பேர் நிற்கும்போது பதிவு எடுங்கள்.

வீட்டில் அரைத்தது என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டாம் என்பது இன்னொரு தப்பெண்ணம். அடுப்பங்கரையில் அரைத்தாலும் விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். உங்கள் கடையின் எண்ணைப் பொடிப் பாக்கெட்டில் போடக் கூடாது. அது உங்கள் கடைக்கு உங்கள் பேரில் கொடுத்தது. அவர் பேரில், வீட்டு முகவரிக்குத் தனியாக 14 இலக்க எண் வாங்குங்கள். சின்னத் தொழிலுக்கு அது கஷ்டமான வேலை இல்லை.

இதோடு சேர்ந்த ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆர்டர் எடுக்க ஆரம்பித்தால் பருப்பை அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கவரில் போட்டு வைக்கத் தோன்றும். வாங்குகிறவர் எதிரில் இல்லாதபோது குறித்த எடையில் கட்டி வைத்தாலே சட்டத்தின் கண்ணில் அது முன்கூட்டியே பொதிந்த பொருள். பாக்கெட் கட்டுகிறவர் என்று நீங்கள் 90 நாளுக்குள் பதிந்துகொள்ள வேண்டும். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கே போங்கள். அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை இப்படி லேபிளோடு பொதிந்து விற்றால் 2022 ஜூலை 18 முதல் அது வரி உள்ள பொருளும் ஆகிவிடும்; பொதுவான வீதம் 5 சதவீதம், காம்போசிஷனில் இருக்கும் உங்களுக்கு உங்கள் திட்ட வீதம்தான். சாக்கிலிருந்து அளந்து கொடுக்கும்போது அந்த வரி இல்லை. மனைவியின் பொடிக்கும் இந்தக் கட்டுகிறவர் பதிவு பொருந்தும்.

பழைய சரக்குப் பேச்சு பெரும்பாலும் வெறும் பேச்சு. வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று இணைய வியாபாரத்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. 2024 நவம்பரில் அதை மறுபடி வலியுறுத்தியது. மீறுகிறவர்கள் இருப்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணாச்சி, உங்கள் அலமாரியின் பின்வரிசையை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். நாள் நெருங்கிய சரக்கு நம் கடைகளிலும் குறைவில்லை. "ஆன்லைன்ல எல்லாம் பழசு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த மாதம் காலாவதியாகும் சேமியாவைக் கொடுத்தால் அந்த வீடு திரும்பி வராது.

அப்படியானால் என்ன செய்யலாம்? போன மாதம் வரை லிஸ்ட் கொடுத்த வீடுகளை வாட்ஸ்அப்பில் சேருங்கள். செவ்வாயும் சனியும் மட்டும் கொண்டுபோங்கள், தெரு வாரியாக. ஆயிரம் ரூபாய்க்குக் கீழே என்றால் கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்ட பிராண்ட் இல்லாவிட்டால் போன் பண்ணிக் கேட்காமல் வேறு ஒன்றை வைத்து அனுப்பாதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் கடைகளில் அதிகம் சண்டை வருவது அங்கேதான். என்னிடம் கணக்கு பார்க்கும் ஒரு கடைக்காரர் தனக்கு வந்த குரல் செய்தியை எனக்குப் போட்டுக் காட்டினார். ஓர் அம்மா பேசுகிறார்: "அண்ணாச்சி, போன தடவை குடுத்தீங்களே துவரம்பருப்பு, அது நாலு விசில் வச்சும் வேகல. அதுக்கு முந்தின மாசத்துப் பருப்பு இருந்தா அதையே குடுங்க, எங்க மாமியாருக்குப் பல்லு இல்ல." எந்த மாதம் எந்த மூட்டை உடைத்தோம் என்று அந்தக் கடைக்காரருக்கு நினைவிருந்தது. அந்த ஆர்டர் 4,000 ரூபாயைத் தாண்டியது.

செல்போனில் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தால் இன்னொரு வகை அழைப்பும் வரும். ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், 50 கிலோ அரிசி, 15 லிட்டர் எண்ணெய் வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன் என்பார்கள். ஒரு க்யூஆர் கோடு வரும், "இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் ஏறிடும்." அதே கடைக்காரரிடம் இப்படி 18,000 ரூபாய் போனது. மூட்டையெல்லாம் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார், பாவம். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் எப்போதும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். பணம் அனுப்பியதாக யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். அப்படியும் ஏமாந்துவிட்டால் அடுத்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் பண்ணுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

பொடிக்கு லேபிள் அடிக்கும் முன் ஒரு மாதிரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எத்தனை நாளைக்கு நன்றாக இருக்கும், முகவரி, போன் எண், அந்த 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். தராசில் வைக்கும்போது வெறும் கவரின் எடையைக் கழித்துவிடுங்கள். வீட்டுப் பொடிகளில் நான் பார்க்கும் பாதித் தவறு அதுதான். 200 கிராம் என்று எழுதியிருக்கும், பிரித்து எடை போட்டால் 192 இருக்கும்.